கனவு யார் வீட்டுக் கதவைத் தட்டும், தெரியுமா?

பல்லவ மன்னன் ஒருவன் பெரும்பொருள் செலவழித்துக் காஞ்சியில் கற்கோயில் கட்டினான். கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அந்த நேரத்தில் சிவபெருமான் அவன் கனவில் வந்து விழாவைத் தள்ளிவைக்கச் சொன்னார், தெரியுமா? அன்றைக்கு அவருக்கு வேறிடத்தில் வேலை இருந்ததாம். திருநின்றவூரில் பூசல் என்றொரு அன்பன் நெடுநாளாகக் கட்டிய கோயிலில் குடியேறப் போகிறாராம்!

பேரரசனே கட்டிய கோயிலை இறைவன் காக்க வைக்கிறார் என்றால் அந்தப் பூசலின் கோயில் எத்தனை பெரிதாக இருக்க வேண்டும்? மன்னன் திருநின்றவூருக்கு விரைந்தான். ஊரில் எவரைக் கேட்டாலும் கையை விரித்தார்கள். அப்படியொரு கோயிலே அங்கு இல்லை. கடைசியில் பூசலாரைக் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான் விவரம் தெரிந்தது. கல் வாங்கவும் காசில்லாத மனிதர் அவர். அடித்தளம், கருவறை, விமானம், கிணறு, மதில், குளம் என்று ஒவ்வொன்றையும் மனத்துக்குள்ளேயே கட்டி முடித்து, கும்பாபிஷேகத்துக்கு அதே நாளைக் குறித்து வைத்திருந்தார்! 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்ன வரலாறு இது. மன்னன் கட்டியது இன்றைய காஞ்சி கயிலாசநாதர் கோயில் என்றும், அவன் இராசசிம்மன் என்றும் பலர் கருதுகிறார்கள். அதற்கேற்ப, அந்தக் கோயிலின் கல்வெட்டொன்று கலியுகத்தில் வான்குரல் கேட்டவன் என்று அந்த மன்னனைப் புகழ்கிறது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய கல்லில் இப்படி ஒரு வரி!

இந்தக் கதையில் நம்மில் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. கனவு பூசலாருக்கு வரவில்லை. வாழ்நாள் முழுக்க இறைவனையே நினைத்திருந்தவருக்கு ஒரு கனவும் இல்லை, ஓர் அசரீரியும் இல்லை. கனவு வந்தது அரண்மனையில் பட்டுமெத்தையில் படுத்திருந்தவனுக்கு!

எம்பிலிப்பிட்டியவிலிருந்து பெல்மதுளை வீதியில் ஏறினால் கொடகவெல, காவத்தை, உள்ளே திரும்பினால் இறக்குவானை என்று தேயிலையும் றப்பருமாக விரியும் தோட்டங்களில் நம் ஆட்கள் கனவைச் சும்மா விடுவதில்லை. விடியலில் லயத்து வாசலில் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, "நேத்து ராத்திரி ஆத்தா கனவுல வந்துச்சு" என்று ஆரம்பித்தால், பெரட்டுக்கு நேரமானாலும் நாலு பேர் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். செத்துப்போன தாத்தா கனவில் வந்து பசிக்கிறது என்று சொன்னால் அந்த வாரமே படையல். மகளுக்கு வரன் முடிவு செய்ய, கொழும்புக்கு வேலைக்குப் போகலாமா என்று தீர்மானிக்க, வெளிநாட்டுக்குப் போக என்று எல்லாவற்றுக்கும் சாமியிடம் ஒரு கனவு கேட்பார்கள். கேட்டும் வராதபோது அவர்கள் முகத்தில் வரும் வாட்டம் இருக்கிறதே, அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். "எனக்கு மட்டும் சாமி ஒண்ணும் காட்ட மாட்டேங்குது" என்று குரல் தழுதழுக்கச் சொல்லும் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இந்தச் செய்திகளைத் தேடித் தொகுத்திருக்கிறேன். கனவு கேட்டவருக்குத்தான் கனவு வரும் என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது?

வழிமறித்து நிற்பவருக்கு வந்த கனவுகள்

திருவரங்கத்தில் நடந்ததாக வைணவர்கள் சொல்லும் வரலாற்றைக் கேளுங்கள். காவிரிக் கரையில் பாணர் ஒருவர் யாழும் கையுமாக மெய்மறந்து நிற்கிறார். அரங்கனுக்குத் தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொல்லிக் கூப்பிடுகிறார். அவர் காதில் விழவில்லை. முனிவர் கல்லை எடுத்து வீச, நெற்றியில் இரத்தம்! அன்று இரவு அரங்கன் கனவில் வந்தான். யாருக்கு? அடிபட்டவருக்கா? கல்லெறிந்த முனிவருக்கு! அந்தப் பாணரை உன் தோளில் தூக்கிக்கொண்டு என்னிடம் வா என்று கட்டளை. கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர் கால் தரையில் படாமலேயே கருவறை வரைக்கும் போனார். அவர்தான் திருப்பாணாழ்வார். முனிவரையே வாகனமாகக் கொண்டதால் முனிவாகனர் என்ற பெயரும் அவருக்கு உண்டு.

காளத்தியில்? கண்ணப்பர் வாயில் கொண்டுவந்த நீரையும் இறைச்சியையும் கண்டு, யார் இப்படிச் சன்னதியைப் பாழாக்கியது என்று அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியார் கதறினார். கனவு சிவகோசரியாருக்குத்தான் வந்தது. ஒளிந்திருந்து பார், அவன் அன்பு எத்தகையது என்று உனக்கே புரியும் என்பது அதன் பொருள். கண்ணப்பருக்குக் கனவு தேவைப்படவே இல்லை!

திருநாளைப்போவார் என்கிற நந்தனார் கதையில் கனவு இரண்டு பக்கமும் போகிறது. தில்லை எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்து உள்ளே போக முடியாமல் தூங்கிப்போன நந்தனாரின் கனவிலும் கூத்தன் வந்தான். தில்லை அந்தணர் கனவிலும் போய்ச் சொன்னான். ஆனால் அங்கே கதவு தீயின் வழியாகத்தான் திறந்தது. நம் தோட்டங்களில் பிறந்த ஒருவர் அந்தப் பகுதியைப் படிக்கும்போது நெஞ்சு எரியாமல் இருக்காது. பாணரைத் தோளில் தூக்கியது போல நந்தனாரையும் தூக்கியிருக்கக் கூடாதா என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை. கேட்கத்தான் வேண்டும்.

இது பழங்காலத்தோடு முடிந்துபோன விஷயம் என்று நினைக்கிறீர்களா? கணித மேதை சீனிவாச இராமானுஜன் இங்கிலாந்துக்குப் போனதே ஒரு கனவால்தான் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது, தெரியுமா? கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டி கூப்பிடுகிறார். கடல் கடந்தால் ஆசாரம் கெட்டுவிடும் என்று குடும்பம் தடுக்கிறது. தாயார் கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை. அப்போது ஒரு நாள் அந்தத் தாயின் கனவில், பெரிய மண்டபத்தில் வெள்ளைக்காரர்கள் சூழத் தன் மகன் அமர்ந்திருப்பது தெரிந்தது. குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் தோன்றி, உன் மகன் பிறந்த நோக்கத்துக்குக் குறுக்கே நிற்காதே என்று ஆணையிட்டாள்! 1914 மார்ச் 17ஆம் திகதி சென்னையில் கப்பல் ஏறினார் இராமானுஜன். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். சூத்திரங்களை நாமகிரி கனவில் தருவதாக அவரே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். சிவப்புத் திரைபோல இரத்தம் வழிய, அதன்மேல் ஒரு கை கணக்குகளை எழுதிக்கொண்டே போனதாகவும், விழித்ததும் அவற்றைத் தாளில் குறித்துக்கொண்டதாகவும் அவர் விவரித்தது பதிவாகியிருக்கிறது. ஆனால் அவர் வாழ்க்கையின் திசையையே திருப்பிய கனவு அவர் கண்டதல்ல. தடுத்து நின்ற அம்மா கண்டது!

வேதக்கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு சான்று உண்டு. யாக்கோபின் மகன் யோசேப்புக்கு 17 வயதில் கனவு வந்தது. அதைச் சொன்னதற்காக அண்ணன்மார் குழியில் தள்ளி விற்றார்கள். அவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது அவருடைய கனவா? இல்லை, பார்வோனின் கனவு! ஏழு கொழுத்த பசுக்களும் ஏழு மெலிந்த பசுக்களும் எகிப்து அரசனின் தூக்கத்தில் நுழைந்த பிறகுதான் சிறைக்கதவு திறந்தது. அப்போது யோசேப்புக்கு வயது 30. இதே யோசேப்பு குர்ஆனில் யூசுப் நபி. 12ஆம் அத்தியாயம் முழுக்க அவர் கதைதான். அதில் தகப்பன் சொல்லும் முதல் புத்திமதி, இந்தக் கனவை உன் சகோதரர்களிடம் சொல்லாதே என்பது.

புதிய ஏற்பாட்டில் மத்தேயு நற்செய்தியில் மட்டும் ஆறு கனவுகள் வருகின்றன. நான்கு மரியாளின் கணவர் யோசேப்புக்கு. ஒன்று கிழக்கிலிருந்து வந்த ஞானிகளுக்கு. ஆறாவது யாருக்கு? இயேசுவுக்குத் தண்டனை விதிக்க உட்கார்ந்திருந்த பிலாத்துவின் மனைவிக்கு! அந்த நீதிமானின் விஷயத்தில் தலையிடாதீர்கள் என்று நீதிமன்றத்துக்கே ஆளனுப்பினாள். பிலாத்து கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையைக் கழுவினான். சரியான வாசலுக்குப் போன கனவும் வீணாகலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி ஏது? அந்த மரியாளின் யோசேப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான்கு நற்செய்திகளிலும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை. கனவில் எழுந்திரு என்றால் எழுந்தார், போ என்றால் போனார். அந்த நாலு கனவிலும் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் அடுத்துச் செய்ய வேண்டிய வேலைதான். இருபது வருடத் திட்டம் எதுவும் அவருக்குக் காட்டப்படவில்லை.

விடியற்காலைக் கனவு பலிக்குமா?

பலிக்கும் என்பதுதான் நம் பாட்டிமார் சொல்வது. இதற்குத் தமிழில் ஒரு நூலே இருக்கிறது, தெரியுமா? பொன்னவன் எழுதிய கனாநூல். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லாரே அதை எடுத்துக்காட்டுகிறார். இரவின் முதல் யாமத்தில் கண்ட கனவு ஒரு வருடத்திலும், இரண்டாம் யாமக் கனவு எட்டு மாதத்திலும், மூன்றாம் யாமக் கனவு மூன்று மாதத்திலும், கடைசி யாமக் கனவு பத்தே நாளிலும் பலிக்கும் என்று அது கணக்குச் சொல்கிறது!

அறிவியல் என்ன சொல்கிறது? 1953இல் சிகாகோவில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் தூங்குகிறவர்களின் கண்ணிமைக்குக் கீழே விழிகள் வேகமாக அசைவதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கனவைச் சொன்னார்கள். இந்தக் கட்டம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. இரவின் தொடக்கத்தில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியல் நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். பலிக்கிறதோ இல்லையோ, நீளமான, தெளிவான, நினைவில் நிற்கும் கனவு கடைசி யாமத்தில்தான் வருகிறது என்பதைப் பாட்டிமார் கருவி ஒன்றும் இல்லாமலேயே பிடித்துவிட்டார்கள்! அந்த நேரத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கட்டுண்டு கிடக்கின்றன. மூளையோ விழித்திருப்பதைப் போல வேலை செய்கிறது. பாளி மொழி மிலிந்த பஞ்ஹவில் நாகசேன தேரர், ஆழ்ந்த உறக்கமும் இல்லாத முழு விழிப்பும் இல்லாத இடைநிலையில்தான் கனவு தோன்றுகிறது என்று சொல்லி, அதற்குக் குரங்குத் தூக்கம் என்று பெயரும் வைத்திருக்கிறார். மயிர்க்கூச்செறிகிறதா இல்லையா?

அதே நாகசேனர் கனவு காண்போரை ஆறு வகையாகப் பிரிக்கிறார். வாதம், பித்தம், கபம் மிஞ்சியவர்கள் மூன்று வகை. தெய்வம் தூண்டிக் காண்பவர் ஒருவர், பழக்கத்தால் காண்பவர் ஒருவர், வரப்போவதன் குறியாகக் காண்பவர் ஒருவர். இதில் கடைசி மட்டுமே மெய் என்கிறார். ஆறில் ஒன்று! நபிமொழியில் கனவு மூன்று வகை: அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தான் தரும் துயரம், மனம் தனக்குத்தானே பேசிக்கொள்வது. கெட்ட கனவு கண்டால் யாரிடமும் சொல்லாமல் இடப்பக்கம் மெல்ல உமிழ்ந்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுக்க வேண்டும். நம் முஸ்லிம் சகோதரர்கள் முக்கியமான முடிவுக்கு முன் தொழும் இஸ்திகாரா இரண்டு ரக்அத் தொழுகையும் ஒரு பிரார்த்தனையும்தான். தொழுதால் கனவு வந்தே தீரும் என்று அதைக் கற்றுத்தரும் நபிமொழியில் வாக்கு ஒன்றும் இல்லை, தெரியுமா? நல்லதென்றால் எளிதாக்கு, கெட்டதென்றால் விலக்கு என்று கேட்டுவிட்டுக் காரியத்தில் இறங்குவதே அதன் முறை.

யானைகளை மறந்துவிட்டேனே! உடவளவை யானைக்கூட்டத்துக்குப் பக்கத்திலேயே வாழும் நமக்குச் சொல்லாமல் விடலாமா? பன்சலைச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். மாயாதேவியின் கனவில் வெள்ளை யானை வந்து விலாவில் புகுகிறது. பலன் சொன்ன பிராமணர்கள் ஒரே விடை சொல்லவில்லை. பிறக்கும் பிள்ளை சக்கரவர்த்தி ஆவான் அல்லது புத்தர் ஆவான் என்று இரண்டு பாதைகளைக் காட்டினார்கள். கனவு பாதையைக் காட்டியது. நடப்பது சித்தார்த்தரின் பொறுப்பானது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் ஆயிரம் யானைகள் சூழத்தான் மணவாளன் வருகிறான். கல்யாணச் சடங்கு ஒவ்வொன்றையும் வரிசை பிசகாமல் தோழிக்குச் சொல்லும் அந்தக் கனவுப் பாடல்கள் இன்றைக்கும் வைணவக் கல்யாணங்களில் ஓதப்படுகின்றன. ஒரு பெண் கண்ட கனவு பல நூற்றாண்டுகளாக மற்றப் பெண்களின் மணமேடையில் ஒலிக்கிறது!

பூ கேட்காமல் நம்பாதே

சாமி கனவில் வந்தால் அடுத்து என்ன? தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனி வெற்றிலையில் வைத்து மடித்து நூலால் கட்டுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எது எதுவென்று தெரியக்கூடாது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் பொறுக்க வேண்டும் என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். சூடம் காட்டிய பிறகு, கேள்வி என்னவென்றே தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். நூலை அவிழ்க்கும்வரை பூசாரியும் மூச்சு விடமாட்டார். கேட்டவரின் ஆசை விரல் நுனி வழியாகக்கூட உள்ளே நுழையாதபடி எத்தனை காப்பு பாருங்கள்! கண்ணுக்குத் தெரியாதபடி மடித்தது, முன்பே நிபந்தனை சொன்னது, அறியாக் குழந்தை எடுத்தது. சோதனைச்சாலைக்காரர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்.

இதையே பெரிய அளவில் செய்யும் கோயில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. திருப்பூர் மாவட்டம் காங்கேயத்துக்கு அருகே சிவன்மலை சுப்பிரமணியர் கோயில். அங்கே கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டு. பெயர் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி! யாரோ ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்கிறார். அவர் வந்து கோயிலில் சொல்கிறார். உடனே வைத்துவிடுவார்களா? மாட்டார்கள். சன்னதியில் பூ கேட்கிறார்கள். பூ சம்மதித்தால்தான் பழைய பொருளை எடுத்துவிட்டுப் புதிய பொருளை வைக்கிறார்கள். அடுத்த பக்தரின் கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண், தங்கம், தண்ணீர் என்று எத்தனையோ பொருள்கள் அதில் இருந்திருக்கின்றன. 2004 சுனாமிக்கு முன் தண்ணீர் வைக்கப்பட்டிருந்தது என்று பக்தர்கள் இன்றும் சொல்லிச் சிலிர்க்கிறார்கள். என்னைச் சிலிர்க்க வைப்பது வேறொன்று. கனவு கண்டவர் பெரிய மனிதராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே அங்கு இல்லை. அதே சமயம், கனவு கண்டேன் என்ற சொல்லை மட்டும் வைத்து அங்கே எதுவும் நடப்பதில்லை.

சோதிக்காமல் கனவுக்காகவே காத்திருந்தால்? இதைச் சொல்ல மனம் கனக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடுவது நீண்டநாள் வழக்கம். எல்லா மதத்தாரும் போவார்கள். குணமானது, வீட்டுக்குப் போகலாம் என்ற உத்தரவு கனவில் வரும்வரை அங்கேயே தங்குவார்கள். அந்த நம்பிக்கையைச் சுற்றித் தனியார் விடுதிகள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலையில் அப்படியொரு கொட்டகையில் தீப்பற்றியது. நோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் வெந்து இறந்தார்கள். அதன் பிறகுதான் அரசு விழித்து அந்த விடுதிகளை மூடியது. நம் வீட்டில் யாருக்காவது தூக்கம் கெட்டு, காதில் குரல் கேட்டு, கனவும் நனவும் குழம்பினால் கும்பிடுவதோடு நிறுத்தாதீர்கள். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் கோல் எடுக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் அது. மாத்திரை எடுத்தவர் கனவில் வரமாட்டேன் என்று எந்தச் சாமியும் சொன்னதில்லை!

சாமியை அழைத்துப்போக வந்தவர்

கதிர்காமத்துக்குப் போகாதவர் நம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? நோனாகமை சந்தியில் இறங்கி அம்பாந்தோட்டை, திஸ்ஸ என்று பஸ் மாறி மாறிப் போய்விடுகிறோம். அங்கே கல்யாணகிரி சுவாமி கதை தெரியுமா? சேர் பொன்னம்பலம் அருணாசலம் கதிர்காம முருகனைப் பற்றி எழுதி 1924இல் வெளியான கட்டுரையிலேயே இது இருக்கிறது. முருகனை மீண்டும் இந்தியாவுக்கே அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் வடக்கிலிருந்து வந்த அந்தத் துறவியின் ஒரே நோக்கம். 12 வருடம் தவம். ஒரு வேடச் சிறுவனும் சிறுமியும் கூடவே இருந்து பணிவிடை செய்தார்கள். ஒரு நாள் அசதி மிஞ்சித் தூங்கிப்போனார். சிறுவன் தட்டி எழுப்பினான். இத்தனை வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தானே கண்ணயர்ந்தேன், எழுப்பிவிட்டாயே என்று கோபத்தோடு துரத்தினார். மாணிக்க கங்கை நடுவே ஒரு திட்டில் சிறுவன் முருகனாக நின்றான், சிறுமி வள்ளியாக! கணவனை என்னிடமிருந்து பிரித்துவிடாதே என்று வள்ளி மடியேந்திக் கேட்டாள். அழைத்துப்போக வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். தன் வாழ்க்கை இதற்குத்தான் என்று 12 வருடம் நினைத்திருந்ததை ஒரே கணத்தில் விட்டுவிட்டார்! இந்தக் கதையில் தெய்வம் தூக்கத்துக்குள் வரவில்லை. தூங்கியவரைத் தட்டி எழுப்பியது.

அதே கதிர்காமத்தில், கனவிலும் ஆவேசத்திலும் தெய்வம் கூப்பிட்டதாகச் சொல்லிச் சடைமுடி தரித்த பெண் துறவிகளோடு பேசி, மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1981இல் ஒரு நூலே எழுதினார். உலகப் பல்கலைக்கழகங்களில் இன்றும் படிக்கப்படும் நூல் அது. சாதாரணக் குடும்பப் பெண்கள் தாங்கமுடியாத துயரத்தின் நடுவில் கண்ட கனவுகள், ஓர் அறிவுத்துறையின் பாடமாகிவிட்டன!

கனவின் பொருள் விளங்க எவ்வளவு காலம் ஆகும்? தொன் போஸ்கோவைக் கேட்க வேண்டும். இத்தாலியில் 1815இல் பிறந்த அந்த ஏழை விவசாயி மகன் ஒன்பது வயதில் ஒரு கனவு கண்டான். சண்டைபோடும் பையன்கள் காட்டு விலங்குகளாக மாறி, பிறகு சாதுவான ஆட்டுக்குட்டிகளாக ஆனார்கள். காலையில் வீட்டில் சொன்னபோது, நீ ஆடு மேய்ப்பாய் என்றான் ஒரு சகோதரன். கொள்ளைக்கூட்டத் தலைவன் ஆவாய் என்றான் இன்னொருவன். குருவானவர் ஆவானோ என்றாள் அம்மா. கனவையெல்லாம் கணக்கில் எடுக்கக்கூடாது என்றாள் பாட்டி. பாட்டி சொன்னதுதான் சரியென்று தானும் நினைத்ததாக அவரே எழுதியிருக்கிறார்! கைவிடப்பட்ட பையன்களுக்காக வாழ்நாளெல்லாம் உழைத்து, சலேசியன் சபையை நிறுவி, கடைசியில் 1887 மே 16ஆம் திகதி உரோமையில் திருப்பலி நிறைவேற்றும்போது அடிக்கடி நிறுத்தி நிறுத்தி அழுதார். அந்தச் சிறுவயதுக் கனவின் காட்சி கண்முன் வந்து, அதன் பொருள் அப்போதுதான் முழுதாக விளங்கியது என்றார். இடையில் அறுபது வருடத்துக்கும் மேல்! அடுத்த ஜனவரியில் இறந்துபோனார்.

இன்றைக்கு இரவு கேட்டுப் பார்க்க நினைக்கிறீர்களா? 1993இல் டெய்ட்ரி பாரெட் என்ற உளவியலாளர் 76 மாணவர்களிடம், மனதிலிருக்கும் ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் இரவுதோறும் படுக்கும்முன் அதை நினைத்துக்கொள்ளச் சொன்னார். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அந்தப் பிரச்சினையைத் தொட்டே கனவு வந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதில் விடையும் இருந்ததாக எண்ணினார்கள். பாடக் கணக்கைவிடச் சொந்த வாழ்க்கைக் கேள்விகளுக்கே அதிகம் விடை கிடைத்ததாம்! முறை எளிதுதான். கேள்வியை ஒரே வரியில் எழுதித் தலைமாட்டில் வையுங்கள். விழித்ததும் அசையாமல் படுத்தபடி நினைவுக்கு வருவதைப் பிடியுங்கள். போனைத் தொடுவதற்கு முன் எழுதிவிடுங்கள். அதன்பின் வெள்ளிக்கிழமை கோயிலில் பூ கேளுங்கள், அல்லது நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். ஒன்றுமே வராவிட்டால் மனம் விட வேண்டாம். அன்று இரவு உங்களுக்கான கனவு துரை பங்களாவிலோ, ஸ்கூல் அதிபர் வீட்டிலோ, உங்களைப் படிக்க அனுப்ப மறுக்கும் அப்பாவின் தூக்கத்திலோ வந்துகொண்டிருக்கலாம். பூசலாருக்கும் அப்படித்தான் நடந்தது, பாணருக்கும் அப்படித்தான். நம் தூக்கத்தில் வேறொருவருக்கான செய்தி வந்தால், பிலாத்துவின் மனைவியைப் போல அன்றைக்கே ஆளனுப்பிச் சொல்லிவிடுங்கள்.